பாடநூலோடு ஓர் இணையதளம்: அச்சுக்குப் போகும் முன் முடிவு செய்ய வேண்டியவை

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி ஆசிரியர்கள் மூவர் சேர்ந்து இளநிலை மாணவர்களுக்கான புள்ளியியல் பாடநூல் ஒன்றைத் தமிழில் எழுதியிருக்கிறார்கள். டிடிபி வேலை நடந்துகொண்டிருக்கிறது. ‘கூடவே ஒரு வெப்சைட் போட்டுவிடலாம், பின்னட்டையில் க்யூஆர் கோடு அடித்துவிடலாம்’ என்கிறார் பதிப்பாளர். தளத்தில் என்னென்ன வைப்பது, யாரைக் கொண்டு கட்டுவது, எவ்வளவு ஆகும் என்று கேட்கிறார்கள்.

பதிப்பகங்களுக்கு இந்த வேலையைத்தான் செய்து வருகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். மூன்று கேள்விகளுக்கும் முன்னால் வர வேண்டிய ஒன்று விட்டுப்போயிருக்கிறது. இந்தத் தளம் எத்தனை வருடம் இருக்க வேண்டும்? உங்கள் நூல் கல்லூரி நூலகங்களில் பத்துப் பதினைந்து வருடம் கிடக்கும். சீனியர் ஜூனியருக்குக் கொடுப்பார், பழைய புத்தகக் கடையில் கைமாறும். தளமோ, பெரும்பாலும் டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, புதுப்பிக்க யாருக்கும் நினைவில்லாத ஒரு வருடத்தில் காணாமல் போகும். வடிவமைப்பு, வண்ணம், அனிமேஷன் எல்லாவற்றையும் அப்புறம் பேசலாம். நூலுக்குள்ள ஆயுள் தளத்துக்கும் இருக்குமா என்பதை வைத்தே ஒவ்வொரு முடிவையும் எடுங்கள்.

அதனால் முதலில் முகவரி. அச்சில் ஏறிய முகவரியைத் திரும்ப வாங்க முடியாது. பதிப்பாளர் தன் தளத்திலேயே ஓர் உள்பக்கம் தருகிறேன் என்பார். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பதிப்பகம் தன் தளத்தைப் புதிதாக மாற்றிக் கட்டியபோது பழைய உள்பக்கங்களைக் கொண்டுவரவே இல்லை. அவர்கள் நூல்களில் அச்சான கோடுகளை ஸ்கேன் செய்தால் இன்றும் முகப்புப் பக்கம்தான் வருகிறது, ‘புதிய வெளியீடுகள்’ என்று. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, தளத்தை மாற்றியவருக்கு அந்த நூல்களைப் பற்றித் தெரியாது, அவ்வளவுதான். நூலுக்கென்று தனி டொமைன் வாங்குங்கள். குறுகியதாக, போனில் சொன்னால் எதிரே இருப்பவர் தப்பில்லாமல் தட்டச்சு செய்யக்கூடியதாக இருக்கட்டும். டாட் இன் டொமைனை ஒரே தடவையில் 10 வருடம் வரை பதிவு செய்யலாம். ஆசிரியர்கள் பெயரில் பதிவு செய்து, புதுப்பிப்பு நினைவூட்டல் வரும் மின்னஞ்சலை மூவரும் திறக்கக்கூடிய பொதுக் கணக்காக வையுங்கள். ஒருவர் ஓய்வு பெறுவார், இன்னொருவர் மாற்றலாகிப் போவார். காலாவதியான டொமைன்களை வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் உண்டு. முதலாமாண்டு மாணவி உங்கள் நூலின் மூன்றாம் அத்தியாயக் கோடை ஸ்கேன் செய்து ரம்மி தளத்துக்குப் போனால், கேள்வி பதிப்பாளரிடம் வராது, உங்களிடம்தான் வரும்.

அடுத்து, நூலுக்குள் நீளமான முகவரி எதையும் அச்சிடாதீர்கள். டொமைனுக்குப் பின் ஒரு சாய்கோடு, மூன்று இலக்கம், அவ்வளவு போதும். 304 என்றால் மூன்றாம் அத்தியாயத்தின் நான்காவது இணைப்பு. அந்த எண்ணைத் திறந்தால் எங்கே போக வேண்டும் என்பதைத் தளத்தில் ஒரு பட்டியல் சொல்லும். கோப்பின் இடம் மாறினாலும் பட்டியலில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். வெளியார் தளங்களுக்கான இணைப்பையும் இந்த எண் வழியாகவே அனுப்புங்கள். அவர்கள் தங்கள் முகவரியை மாற்றும்போது நூலில் எதுவும் கெடாது. பக்க எண்ணையே குறியீடாக வைக்கலாமே என்று தோன்றும். மறுபதிப்பில் பக்கங்கள் நகர்ந்ததும் அது குழப்பமாகிவிடும்.

முகவரியில் தமிழ் எழுத்து போடலாமா என்று ஆசைப்பட்டுக் கேட்பார்கள். போடலாம், வேலை செய்யும். ஆனால் அதை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போது ஒவ்வொரு குறியும் விழுக்காட்டுக் குறியோடு ஒன்பது எழுத்தாக விரிந்துவிடுவது அடிக்கடி நடக்கும். ‘அலகு’ என்ற சின்னச் சொல்லில் அ, ல, க, உகரக் குறி என நான்கு குறிகள். அது 36 எழுத்துச் சரமாகும். வாட்ஸ்ஆப்பில் பார்ப்பவர் வைரஸ் என்று நினைப்பார். எண்களே நல்லது.

க்யூஆர் கோடில் இரண்டு விஷயம். இலவசமாகச் செய்துதரும் தளங்கள் பலவற்றில் ‘டைனமிக்’ என்று ஒரு வகை உண்டு. அந்தக் கோடுக்குள் இருப்பது அந்த நிறுவனத்தின் முகவரி. அங்கிருந்துதான் உங்கள் பக்கத்துக்குத் திருப்பிவிடுவார்கள். சந்தா முடிந்தால் அச்சிட்ட அத்தனை பிரதிகளிலும் கோடு செத்துப்போகும். உங்கள் முகவரியே நேரடியாக உள்ளே இருக்கும் நிலையான வகையைத்தான் பயன்படுத்த வேண்டும். மூன்று இலக்க எண் முறை இருக்கும்போது டைனமிக் தேவையே இல்லை.

இரண்டாவது விஷயம் சின்னது, ஆனால் தாளில் தெரியும். முகவரியை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் கொடுத்துக் கோடு தயாரியுங்கள். பெரிய எழுத்து, எண், சாய்கோடு, புள்ளி மாதிரிச் சில குறிகள் மட்டும் இருந்தால் க்யூஆர் அவற்றை நெருக்கமாக அடைக்கும். சிறிய எழுத்துக்கு அந்தச் சலுகை இல்லை. 25-க்கு 25 கட்டமுள்ள அளவில், நடுத்தரப் பிழைதிருத்த நிலையில், சிறிய எழுத்து 26 குறிகள்தான் கொள்ளும்; பெரிய எழுத்து என்றால் 38. ஹெச்டிடிபிஎஸ் முன்னொட்டுக்கே 8 குறி போய்விடுகிறது. 15 எழுத்து டொமைன், ஒரு சாய்கோடு, மூன்று இலக்கம் சேர்த்தால் 27. சிறிய எழுத்தில் கொடுத்தால் ஒரே ஒரு குறி கூடுதல் என்பதற்காகக் கோடு 29-க்கு 29 ஆகும், கட்டங்கள் சிறுக்கும், மேப்லித்தோ தாளில் மை கொஞ்சம் பரவினாலும் பழைய போன்கள் படிக்கத் திணறும். டொமைன் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது, அதற்குப் பின் வருவது எண் மட்டும்தான் என்பதால் எதுவும் கெடாது. கோடைச் சுற்றி நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை விட வேண்டும். இடம் போதவில்லை என்று டிடிபிகாரர் முதலில் வெட்டுவது அதைத்தான்.

கோடுக்குக் கீழே முகவரியை எழுத்திலும் அச்சிடுங்கள். தமிழ்நாட்டில் 2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தபோது க்யூஆர் கோடுகளும் சேர்ந்தே வந்தன. திக்‌ஷா என்ற அரசுக் கல்வித் தளத்துக்கான கோடுகளின் கீழே ஆறு எழுத்துக் குறியீடு ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கேமரா கெட்டுப்போன போன் வைத்திருப்பவரும், லேப் கணினி முன் உட்கார்ந்திருப்பவரும் அதைத் தட்டச்சு செய்து போகலாம். கல்லூரி நூலுக்கும் அந்த ஏற்பாடு வேண்டும்.

சரி, தளத்தில் என்ன வைப்பது? ஆசிரியர்கள் பெரும்பாலும் வீடியோவிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் பிழைதிருத்தப் பட்டியலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். வேறெதுவும் இல்லாமல் அந்த ஒரு பக்கம் மட்டும் இருந்தாலும் தளத்துக்கு நியாயம் உண்டு. புள்ளியியல் நூலில் பின்னிணைப்பாக இயல்நிலைப் பரவல் அட்டவணை இருக்கும். 1.96-க்கு நேரே 0.9750 வர வேண்டிய இடத்தில் 0.9570 என்று இலக்கம் இடம் மாறி அச்சானால் ஒரு வகுப்பே தவறான விடை போடும். மாணவர்கள் தங்களைத்தான் சந்தேகிப்பார்கள், நூலைச் சந்தேகிக்க மாட்டார்கள். பட்டியலில் பக்கம், வரி, இருப்பது, இருக்க வேண்டியது, கண்டுபிடித்த தேதி ஆகியவற்றோடு எந்த அச்சில் இந்தப் பிழை இருக்கிறது என்பதும் வேண்டும். இரண்டாம் அச்சில் திருத்திவிட்ட பிழையை அந்த அச்சை வைத்திருப்பவர் தேடித் தேடிக் குழம்பக் கூடாது. இதற்காகவே பதிப்புரிமைப் பக்கத்தில் அச்சு எண்ணைத் தெளிவாகப் போடச் சொல்லுங்கள். அப்புறம், பட்டியலை ஒரே தாளில் அச்சிடும்படி பிடிஎஃப் ஆகவும் வையுங்கள், நூலகர் அதை எடுத்து நூலின் உள்ளட்டையில் ஒட்டிவைப்பார். கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத் தன் நூல்களில் பிழை காட்டியவர்களுக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பிவந்தார், பதினாறுநிலை எண்முறையில் ஒரு டாலர் என்று வேடிக்கையாகக் கணக்குச் சொல்லி. 2008-க்குப் பிறகு அது காசோலையாக இல்லாமல் கற்பனை வங்கி ஒன்றின் சான்றிதழாக வந்தது; அப்போதும் மதிப்புக் குறையவில்லை. நீங்கள் காசு தர வேண்டாம், கண்டுபிடித்த மாணவரின் பெயரை அவர் சம்மதத்தோடு பட்டியலில் போட்டாலே போதும், ஊரே பிழை தேடும்.

அடுத்தது தரவுக் கோப்புகள். உங்கள் பாடத்துக்கு இதுதான் உயிர். நூலில் வரும் ஒவ்வொரு அட்டவணையும் கோப்பாகத் தளத்தில் இருக்க வேண்டும், ‘இந்த இணையதளத்திலிருந்து எடுத்துக்கொள்க’ என்று வெளியே கைகாட்டக் கூடாது. பாஸ்டன் வீட்டு விலைத் தரவு என்று ஒன்று உண்டு. தொடர்புப் போக்கு (ரிக்ரஷன்) கற்பிக்கப் பல நூல்கள் அதையே நம்பியிருந்தன, பைத்தான் நிரல்மொழியின் சைகிட்-லேர்ன் தொகுப்பில் ஒரே வரியில் அதை அழைக்க முடிந்தது. அதில் கறுப்பின மக்கள்தொகை விகிதத்தை வைத்துச் செய்த ஒரு மாறி அறநோக்கில் தவறானது என்று 2021-இல் வந்த 1.0 பதிப்பில் எச்சரிக்கை சேர்த்தார்கள். 2022 டிசம்பரில் வந்த 1.2 பதிப்பில் தரவையே நீக்கிவிட்டார்கள். நீக்கியது சரிதான். ஆனால் அந்த ஒரு வரியை அச்சிட்டிருந்த நூல்களில் அந்தப் பயிற்சி அன்றோடு ஓடாமல் நின்றது.

கோப்பு வடிவத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்த் தலைப்புகளோடு யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சிஎஸ்வி கோப்பு (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பு) செய்து, மாணவர் அதை இரட்டைக் கிளிக்கில் எக்செலில் திறந்தால், பல கணினிகளில் புரியாத குறிகள்தான் வரும். கோப்பின் தொடக்கத்தில் ‘பாம்’ எனப்படும் மூன்று பைட் குறியைச் சேர்த்தால் எக்செல் சரியாகக் காட்டும். ஆனால் அதே கோப்பைப் புள்ளியியலுக்கான நிரல்மொழியான ஆர் மொழியில் சாதாரணமாகப் படித்தால் முதல் நெடுவரிசையின் பெயரில் அந்தக் குறி ஒட்டிக்கொண்டு தொல்லை தரலாம். இரண்டையும் ஒரே கோப்பில் சமாளிக்கப் பார்க்க வேண்டாம். எக்செல்காரர்களுக்கு எக்செல் கோப்பு, ஆர், பைத்தான்காரர்களுக்குப் பாம் இல்லாத சிஎஸ்வி என்று இரண்டு பொத்தான் வையுங்கள்.

மறுபதிப்பு வரும்போது பழைய தரவுகளை மேலெழுதாதீர்கள். ‘அன் இன்ட்ரொடக்‌ஷன் டு ஸ்டாட்டிஸ்டிகல் லேர்னிங்’ என்ற நூலின் ஆசிரியர்கள் இதை ஒழுங்காகச் செய்தவர்கள். 2013-இல் வந்த முதல் பதிப்புக்கு ஆர் மொழியில் ஒரு தரவுத் தொகுப்பு. 2021-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது பெயருக்குப் பின்னால் 2 சேர்த்துத் தனித் தொகுப்பாகவே வெளியிட்டார்கள். பழைய நூலை வைத்திருப்பவருக்குப் பழைய எண்கள், புதியவருக்குப் புதியவை. நூலின் முழு பிடிஎஃப்பையும் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள், அதற்கு உங்கள் பதிப்பாளர் சம்மதிப்பாரா என்பது வேறு பேச்சு. உங்கள் முறைப்படி இரண்டாம் பதிப்பின் குறியீடுகள் 2304 என்று நான்கு இலக்கமாகட்டும், பழைய 304 அப்படியே இருக்கட்டும்.

ஆசிரியர்கள் தேடி வருவது பெரும்பாலும் படங்களுக்காகத்தான். நூலில் உள்ள வரைபடங்களைப் பவர்பாயிண்டில், ஒரு ஸ்லைடுக்கு ஒரு படம் என்று போட்டுக் கொடுத்தால் போதும், அழகான வடிவமைப்பு தேவையில்லை. வேறொருவரிடம் அனுமதி வாங்கிச் சேர்த்த புகைப்படம் இருந்தால் அந்த அனுமதி அச்சுக்கு மட்டுமா, இணையத்துக்கும் சேர்த்தா என்று கடிதத்தை எடுத்துப் பாருங்கள். பதிப்பாளரோடு போட்ட ஒப்பந்தத்தில் மின்வடிவ உரிமை யாரிடம் என்பதையும் இப்போதே படித்துவிடுங்கள்.

விடைகள் பற்றிக் கேட்காமலேயே இருந்துவிட்டீர்கள், ஆனால் தளம் வந்த முதல் வாரமே அந்தச் சண்டை வரும். மாணவர்கள் எல்லா விடையும் வேண்டும் என்பார்கள், ஆசிரியர்கள் எதுவும் வெளியே தெரியக் கூடாது என்பார்கள். லாகின் வைத்து ஆசிரியர்களுக்கு மட்டும் தரலாம் என்ற யோசனை பெரிய வெளிநாட்டுப் பதிப்பகங்களிடமிருந்து வந்தது. அவர்களிடம் ஆசிரியர்தானா என்று சரிபார்க்க ஆள் இருக்கிறார்கள். நம் கல்லூரிகளில் பாதிப் பேர் ஜிமெயில்தான் பயன்படுத்துகிறார்கள், யாரை எப்படிச் சரிபார்ப்பது? கடவுச்சொல் போட்ட பிடிஎஃப் கடவுச்சொல்லோடு சேர்ந்தே வாட்ஸ்ஆப்பில் போகும். இறுதி விடைகளை எல்லோருக்கும் கொடுங்கள். பாதிக் கணக்குகளுக்கு வழிமுறையும் கொடுங்கள். மீதிக்கான தீர்வுக் கையேட்டைப் பதிப்பகப் பிரதிநிதி ஸ்பெசிமன் காப்பி கொடுக்கப் போகும்போது கையில் கொடுக்கட்டும்.

லாகின் வேண்டாம் என்பதற்குச் சட்டக் காரணமும் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தை. அவர் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும், அவர் நடவடிக்கைகளைப் பின்தொடரக் கூடாது. முதலாமாண்டில் 17 வயதுப் பிள்ளைகள் நிறைய. பெயர், மின்னஞ்சல் எதையும் வாங்காமல், வருகிறவர்களை எண்ணும் நிரலும் வைக்காமல் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

புள்ளியியலுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. மாணவர் தன் பதிவெண்ணைப் பெட்டியில் தட்டினால், அந்த எண்ணையே விதையாக (சீரற்ற எண்களை உருவாக்கும் தொடக்க எண்ணாக) வைத்து 30 மதிப்புகள் கொண்ட கூறு (சாம்பிள்) ஒன்று அவருக்கென்று உருவாகும். சராசரி, திட்டவிலக்கம், நம்பிக்கை இடைவெளி எல்லாம் அவர் போட வேண்டியது அந்தக் கூறுக்கு. பக்கத்து நண்பருக்கு வேறு எண்கள். ஆசிரியர் அதே பதிவெண்ணை இன்னொரு பக்கத்தில் தட்டினால் விடைகள் வரும். அந்தப் பக்கத்தை மாணவர்களும் கண்டுபிடித்துவிடுவார்கள், பரவாயில்லை, மதிப்பெண்ணை வழிமுறைக்குக் கொடுங்கள். 95 விழுக்காடு இடைவெளி என்றால் என்ன என்பது அறுபது பேர் வகுப்பில் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். அறுபது இடைவெளிகளையும் கரும்பலகையில் வரைந்தால் ஏறக்குறைய மூன்று, உண்மைச் சராசரியைத் தவறவிட்டு நிற்கும். எந்தப் பதிவெண்காரர் அவர் என்று வகுப்பே தேடும். நிரல் எழுதுபவரிடம் ஒன்றைச் சொல்லிவையுங்கள். ஜாவாஸ்கிரிப்டோடு வரும் ரேண்டம் செயற்கூறுக்கு விதை கொடுக்க வழியில்லை, விதை ஏற்கும் சிறிய எண் உருவாக்கி ஒன்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அது பத்து வரிக்குள் முடியும்.

இந்த மாதிரி ஊடாட்டப் பக்கங்களை எளிய ஜாவாஸ்கிரிப்டில், வெளியார் சேவை எதையும் நம்பாமல் எழுதச் சொல்வதற்குக் காரணம் பழைய அனுபவம். முன்பெல்லாம் பாடநூல் தளங்களில் ஊடாட்டத்துக்கு ஜாவா ஆப்லெட்டும் ஃபிளாஷும்தான். 2015 செப்டம்பரில் குரோம் உலாவி ஆப்லெட்டுகளுக்கான வழியை அடைத்தது. 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷ் முடிந்தது. கணிதச் சமன்பாடுகளைக் காட்டும் மேத்ஜாக்ஸ் கூட, எல்லோரும் இணைத்திருந்த தன் பொது சர்வரை 2017 ஏப்ரல் 30 அன்று மூடியது. மாற்று ஏற்பாடு செய்துவிட்டுத்தான் மூடினார்கள், ஆனால் எல்லோரும் அப்படிச் செய்வார்கள் என்று சொல்ல முடியாது. நிரல், எழுத்துரு, சமன்பாட்டுக் கருவி எல்லாம் உங்கள் தளத்திலேயே இருக்கட்டும்.

தமிழ் உரையைத் தளத்தில் ஏற்றும்போது வேறொரு வேலை காத்திருக்கிறது. டிடிபிகாரர் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியிருந்தால் அந்த உரையை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றி முடித்ததும் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. ‘தொகுதி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒகரக் குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், தேடல் பெட்டிக்கு இரண்டும் வேறு சொல். என்எஃப்சி என்ற சீராக்கத்தை மொத்த உரைக்கும் ஒருமுறை ஓட்டினால் இது தீரும். தீராதது ஔகாரம். ‘பௌதிகம்’ என்பது மாற்றியில் புகுந்து வெளியே வரும்போது கொம்போடு தனி ளகரமாக, ‘பெளதிகம்’ என்று வந்திருக்கும். அதை எந்தச் சீராக்கமும் திருத்தாது, ஆள் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். அட்டவணைகளைப் படமாக வெட்டி ஒட்டாமல் உரையாகவே போடுங்கள். திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்ற மாணவருக்கும், எண்ணை நகலெடுக்க நினைப்பவருக்கும் அதுதான் உதவும்.

கட்டுவதற்கு வேர்ட்பிரஸ் வேண்டாம். அதற்கு மாதாமாதம் புதுப்பிப்பு வேண்டும், கவனிக்காமல் விட்டால் யாராவது புகுந்துவிடுவார்கள், மூன்றாம் வருடத்துக்கு மேல் உங்களில் யாரும் கவனிக்கப் போவதில்லை. தரவுத்தளம் எதுவும் இல்லாத வெறும் கோப்புகளாலான நிலையான தளம் போதும். இப்படிப்பட்ட தளங்களை உருவாக்கும் கருவியான ஹ்யூகோவில் செய்யலாம். ஆர் நிரல் நிறைய இருப்பதால் உங்களுக்குக் குவார்ட்டோ இன்னும் பொருந்தும், நிரலை ஓட்டி விடையையும் படத்தையும் அதுவே பக்கத்தில் சேர்த்துவிடும். தளங்களை வைத்துத்தரும் சேவையான கிட்ஹப் பேஜஸில் இலவசமாக வைக்கலாம். தளத்தின் அளவு 1 ஜிபிக்குள், மாதப் பயன்பாடு 100 ஜிபி அளவில் என்று வரம்பு இருக்கிறது, வீடியோ வைக்காதவரை நெருங்கவே மாட்டீர்கள். வீடியோக்கள் யூடியூபில் இருக்கட்டும், மூலக் கோப்புகளை ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள். நிலையான தளத்தில் இன்னொரு வசதி, மொத்தத்தையும் ஒரு ஜிப் கோப்பாகச் சுருட்டித் தரலாம். இணையம் வராத லேபில் பென் டிரைவில் கொண்டுபோய்த் திறந்தாலும் ஓட வேண்டும், கட்டுபவரிடம் இதை நிபந்தனையாகவே சொல்லுங்கள்.

கணினித் துறை மாணவர்களைக் கொண்டு புராஜெக்டாகச் செய்யலாமா என்றால், தாராளமாக. ஒரே எச்சரிக்கை, டொமைன் கணக்கும் கிட்ஹப் கணக்கும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். படிப்பு முடிந்து அந்தப் பையன் வேலைக்குப் போன பிறகு கடவுச்சொல் கேட்டு அலையக் கூடாது.

செலவு என்று பார்த்தால் டொமைனுக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் சுற்றளவில். இடத்துக்குச் செலவில்லை. உண்மையான செலவு யூனிகோடு மாற்றமும், பக்கங்களைச் சரிபார்க்கும் ஆளுக்கான கூலியும்தான். அதைப் பதிப்பாளரிடம் இப்போதே பேசி வாங்குங்கள், நூல் வெளிவந்த பிறகு அவர் அடுத்த நூலுக்குப் போய்விடுவார்.

நூல் அச்சுக்குப் போகும் முன் முடிந்திருக்க வேண்டியது மூன்றே வேலை: டொமைன் பதிவு, குறியீட்டு எண் பட்டியல், ஒவ்வொரு எண்ணுக்கும் ‘விரைவில்’ என்றாவது சொல்லும் ஒரு பக்கம். மற்ற எல்லாவற்றையும் நூல் வெளிவந்த பின்னும் சேர்க்கலாம். ப்ரூஃப் வரும்போது கோடுகளைத் திரையில் சோதிக்க வேண்டாம். நூல் அச்சாகப் போகும் அதே தாளில் ஒரு படி எடுத்து, வீட்டில் இருப்பதிலேயே பழைய போனைக் கொண்டு ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். படிக்காத கோடுகளைக் குறித்து, அளவைக் கூட்டச் சொல்லி டிடிபிகாரருக்கு அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள்.